கால் குதிரை

மோட்டார்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் வாயால் பேசுவது என்பதே கிடையாது. கணக்கால்தான் பேச வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வாயால் பேசி அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. வாய் மனைவியின் இலாகா. கணக்கு அவருடைய இலாகா. சண்டையை நம்ம இலாகாவுக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது என்று பல் விளக்கும்போதே தோன்றியது. வாயில் நுரையோடு ஒரு முறை சிரித்துக்கொண்டார்.

மோட்டார் விற்று ரிப்பேரும் பார்க்கிற கடையில் அவர் பெரிய ஆள். முதலாளிக்குப் பணம் எண்ணத் தெரியும், குதிரை எண்ணத் தெரியாது. ஒருவர் வந்து, "தொட்டி இவ்வளவு உயரத்துல இருக்கு, தண்ணி இவ்வளவு வேணும்" என்றால், இவர் கண்ணை மூடி, உதட்டை முணுமுணுத்து, "ஒண்ணரைக் குதிரை போதும்" என்பார். குதிரைசக்தியை எச்.பி. என்று சுருக்கிச் சொல்வது குதிரைக்கு மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி. அதனால் தெருவில் அவருக்குக் குதிரைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. புதிதாகக் குடிவந்த ஒருவர் வாசலில் நின்று, "குழந்தையை ஏத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போக எவ்வளவு கேப்பீங்க?" என்று விசாரித்ததும் உண்டு.

இப்போது சண்டைக்குக் காரணமும் ஒரு மோட்டார்தான். கடையில் யாரும் சீந்தாமல் கிடந்த கால் எச்.பி. மோட்டார். முதலாளி, "எடுத்துட்டுப் போய்யா" என்று கொடுத்துவிட்டார். இவர் அதைப் பிரித்து, கம்பி சுற்றி, பச்சை பெயிண்ட் அடித்து, கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்திருந்தார். வீட்டில் ஓர் ஆடும் நாற்காலி இருந்தது. கால் தரையில் படாமல், விரல்கூட அசைக்காமல், அது தானாக ஆட வேண்டும், தான் அதில் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். அவருக்கு இந்த ஜன்மத்தில் இருந்த ஆசையே அவ்வளவுதான்.

மனைவி தையல்காரி. ஜன்னலோரத்தில் மெஷின். காலால் மிதிக்கிற பழைய மெஷின். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் ஒன்று வந்து, அறை முழுக்க நீலத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. சாயங்காலம் ஆனால் அவள் வலது முழங்கால் வீங்கிவிடும்.

"என்னங்க, அந்தக் கால் எச்.பி. மோட்டாரை என் மெஷின்ல மாட்டிக் குடுங்க. கால் வலிக்குது."

"எந்தக் கால்?"

"வலது கால்."

"மோட்டார் கால் குதிரை. உன்னோடது வலது கால். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"கால் வலிக்குதுன்னு சொன்னா கால்லேயே தடுக்கி விடுறீங்களே. முடியுமா முடியாதா?"

வழக்கமாக இந்த இடத்தில் அவர் "முடியும்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைப்பார். இன்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வீட்ல ரெண்டு பேரு இருக்கோம். மோட்டார் ஒண்ணு. யாருக்குக் குடுக்கணும்? யாருக்குச் சக்தி கம்மியோ அவங்களுக்கு. நியாயமா இல்லையா?"

"நியாயம்தான்."

"யாருக்குச் சக்தி கம்மின்னு எப்படித் தெரியும்? அளந்து பார்க்கணும். கணக்கு என்ன சொல்லுதோ அதுதான் தீர்ப்பு. பேச்சு மாறக் கூடாது."

"சரிங்க. நீங்களும் மாறக் கூடாது."

அவள் இவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் மனுஷனுக்கு அப்போது நாற்காலிதான் கண்ணில் ஆடிக்கொண்டிருந்தது.

கடையிலிருந்து பழைய வில் தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். அது பவுண்டில்தான் காட்டும். கையிலிருந்த டேப் அடியில்தான் காட்டும். மெஷின் முன்னால் குப்புறப் படுத்து, மிதியில் தராசை மாட்டி இழுத்தார். ஐந்து பவுண்டு இழுத்தால் மிதி நகர்ந்தது. டேப் வைத்துப் பார்த்தால் ஒரு மிதிக்குக் கால் அடி இறங்கியது.

"இப்ப மிதி. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் மிதி."

அவள் மிதித்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். ஒரு நிமிஷத்துக்கு நூற்று அறுபது மிதி. பெருக்கினார். உற்சாகத்தில் கூவிவிட்டார்.

"நிமிஷத்துக்கு இருநூறு அடி!"

எதிர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. எதிர் வீட்டு அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். வயசில் மூத்தவள், குரலில் இன்னும் மூத்தவள்.

"யாருக்கு அடி? நிமிஷத்துக்கு இருநூறா? தம்பி, உங்களை எவ்வளவு நல்லவர்னு நினைச்சுட்டிருந்தேன்!"

"ஐயோ அக்கா, இது அந்த அடி இல்ல. அடி-பவுண்டு."

"பவுனா? நிமிஷத்துக்கு இருநூறு பவுனா? ஏண்டி, சொல்லவே இல்லையே நீ!"

"பவுனும் இல்லக்கா, அடியும் இல்ல" என்றாள் மனைவி. "என் கால் எவ்வளவு பெருசுன்னு அளக்குறாரு."

தரையில் குப்புறப் படுத்துக்கொண்டிருந்த மோட்டார்காரர் எழுந்து விளக்கினார். ஒரு பவுண்டு எடையை ஓர் அடி தூரம் நகர்த்தினால் அது ஓர் அடி-பவுண்டு வேலை. ஐந்நூற்று ஐம்பது அடி-பவுண்டு என்றால் ஒரு குதிரை. இவள் செய்தது இருநூறு. இருநூறை ஐந்நூற்று ஐம்பதால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு குதிரைக்கும் கொஞ்சம் மேலே.

"இந்த மோட்டார் வெறும் கால் குதிரை. நீ அதை விடப் பெருசு! உனக்கு எதுக்கு மோட்டார்?"

"அவசரப்படாதீங்க. உங்களை அளக்கலையே?"

இதற்குத்தான் அவர் காத்திருந்தார். வீட்டு மாடிப்படி பத்து அடி உயரம். அவர் எடை நூற்று அறுபத்தைந்து பவுண்டு. கடிகாரத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினார். அதை ஏறினார் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஒரு படியில் கால் வைத்தார், யோசித்தார். அடுத்த படியில் நின்று சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பாதி வழியில் ஒரு கொட்டாவி விட்டார். அக்கா கீழே இருந்து, "தம்பிக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். மேலே போய்ச் சேர முப்பது நொடி ஆனது.

கணக்குப் போட்டார். நொடிக்கு ஐம்பத்தைந்து அடி-பவுண்டு. ஐந்நூற்று ஐம்பதால் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு குதிரை. சுத்தமாக, மீதியில்லாமல் வந்தது.

"பாத்தியா? நீ மூணுல ஒண்ணு. நான் பத்துல ஒண்ணு. சக்தி கம்மி யாருக்கு? எனக்கு!" என்று மார்பைத் தட்டிக்கொண்டார். தான் நோஞ்சான் என்பதை இவ்வளவு கம்பீரமாக நிரூபித்த புருஷன் அந்தத் தெருவில் அதுவரை இருந்ததில்லை.

மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நான் மோட்டாரை விடப் பெருசுன்னா, அப்புறம் ஏங்க வலிக்குது?"

"குதிரைக்கும்தான் வலிக்கும். அது சொல்லுதா?"

அவள் நீலத் துணி மலையைப் பார்த்தாள். பிறகு எதிர் வீட்டு அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களும் அளந்துக்கங்களேன். இவர் சும்மாதானே இருக்காரு" என்றாள்.

அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்! துவைத்த துணி வாளியைக் கயிறு கட்டி மொட்டை மாடிக்கு இழுப்பது அவள் தினசரி வேலை. இருபது பவுண்டு வாளி, பதினைந்து அடி உயரம், நிதானமாக இழுத்ததில் சரியாக ஒரு நிமிஷம். முந்நூறு. ஐந்நூற்று ஐம்பதால் வகுத்தார். அரைக் குதிரைக்கும் மேலே!

"அரைக் குதிரையா? நானா?" அக்கா அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். "இருங்க, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன்."

அவள் வீட்டுக்காரர் பயில்வான். தெருக்கோடியில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறார். அவர் வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. "அளக்கணுமா? தாராளமா அளங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே நூற்றுப்பத்து பவுண்டு இரும்பை ஒற்றைத் தோளில் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். நாலு பேர் கூடிவிட்டதால் அதை அழகாகத் தூக்க ஆசைப்பட்டார். மெதுவாக, ஒவ்வொரு நரம்பாகப் புடைக்கவிட்டு, இரண்டு பக்கமும் திரும்பி முகம் காட்டி, ஐந்தடி உயரத்துக்குத் தூக்கி முடிக்கப் பத்து நொடி எடுத்துக்கொண்டார்.

மோட்டார்காரர் கணக்குப் போட்டுவிட்டு எச்சில் விழுங்கினார்.

"எத்தனை தம்பி?"

"பத்துல ஒண்ணுங்க அண்ணே."

"பத்துக் குதிரையா?"

"பத்துல... ஒண்ணு."

அக்கா சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டது. "அப்ப நான் அரை, நீங்க பத்துல ஒண்ணா? நம்ம மோட்டார் தம்பியும் நீங்களும் சரிசமமா?" பயில்வான் இவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்தார். இரும்பைத் தூக்கிக்கொண்டு போனார். இந்தத் தடவை இரண்டே நொடியில் தூக்கினார்.

சாயங்காலமே மோட்டார்காரர் மோட்டாரை நாற்காலிக்கடியில் மாட்டிவிட்டார். பெல்ட், சக்கரம், ஒரு கம்பி எல்லாம் பொருத்தி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். நாற்காலி ஆடவில்லை. துள்ளியது. அவருடைய கண்ணாடி ஒரு மூலைக்கும் செருப்பு ஒரு மூலைக்கும் போயின. "நி-நி-நி-நிறுத்து!" என்று அவர் கத்தியது, அவர் மேலும் கீழும் போன வேகத்தில், யாரோ பாட்டுக் கற்றுக்கொள்வது மாதிரி கேட்டது.

மனைவி எழுந்து வந்து சுவிட்சை அணைத்தாள். "குதிரைன்னா குதிக்கத்தானேங்க செய்யும்?"

"சக்கரம் சின்னது. நாளைக்குப் பெரிய சக்கரம் மாட்டிட்டா சரியாயிடும்" என்றார், தரையில் உட்கார்ந்தபடியே.

மறுநாள் கடையில் அவர் பெரிய சக்கரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது கடைக்குள் திடீரென்று இருட்டாயிற்று. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பயில்வான்.

"தம்பி. அந்தக் கணக்கை இன்னொரு தடவை போடு."

"அண்ணே, கணக்கு கணக்குதான்..."

"காலையில கூடத்துக்கு வந்த பசங்க என்னைப் பார்த்துக் கனைக்கிறானுங்க தம்பி. என்னைப் பார்த்து! வீட்ல குடிக்கத் தண்ணி கேட்டா, 'நான் அரைக் குதிரை, பத்துல ஒண்ணெல்லாம் தானே எழுந்து எடுத்துக்கணும்'ங்கறா. அவ வாளி இழுக்கறா, நான் இரும்பு தூக்கறேன். எப்படி அவ என்னை விட அஞ்சு மடங்கு? ஒண்ணு உன் கணக்கு தப்பு, இல்ல என் உடம்பு தப்பு. என் உடம்பு தப்புன்னு சொல்றியா?"

அப்படிச் சொல்ல மோட்டார்காரருக்குத் தைரியம் இல்லை. கண்ணைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே அவர் கைப்படவே பெயிண்டில் எழுதிய பலகை தொங்கியது. வாடிக்கையாளர்களுக்காக எழுதி வைத்தது. ஒரு குதிரை என்றால் நொடிக்கு ஐந்நூற்று ஐம்பது அடி-பவுண்டு. அதற்குக் கீழேயே, நிமிஷத்துக்கு முப்பத்து மூவாயிரம்.

இரண்டு வரியையும் விரல் வைத்து இன்னொரு தடவை படித்தார்.

ஆண்களை நொடியில் அளந்தார். பெண்களை நிமிஷத்தில் அளந்தார். ஆனால் எல்லோரையும் ஐந்நூற்று ஐம்பதாலேயே வகுத்துத் தள்ளிவிட்டார்! அக்காவின் அரைக் குதிரையை அறுபதால் வகுக்க வேண்டும். வீட்டுக்காரியின் மூன்றில் ஒன்றையும் அறுபதால் வகுக்க வேண்டும். வகுத்தால் அவள் வெறும் நூற்று அறுபத்தைந்தில் ஒரு பங்கு. ஊருக்கெல்லாம் குதிரை எண்ணிச் சொல்கிறவன், சொந்த வீட்டுக் குதிரையில் கோட்டை விட்டுவிட்டானே! உண்மையைச் சொன்னால் மோட்டார் போய்விடும். சொல்லாவிட்டால் பயில்வான் இருக்கிறார்.

பயில்வான் பக்கத்திலிருந்த ஒரு மோட்டாரை யோசனையில்லாமல் ஒரு கையால் தூக்கி, திரும்பவும் வைத்தார்.

"தப்புதான் அண்ணே!" என்றார் மோட்டார்காரர். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "ஆனா இது நமக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டுக்குத் தெரிஞ்சா என் நாற்காலி போச்சு."

பயில்வான் முகம் மலர்ந்தது. இவர் முதுகில் அன்பாக ஒரு தட்டுத் தட்டினார். இவர் இரண்டடி முன்னால் போனார். "சத்தியமா யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வாசல்படி இறங்கினார். அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"ஏய்! நீ அரையும் இல்ல, கிரையும் இல்ல! அதுல அறுபதுல ஒரு பங்கு! குதிரைக்காரர் வாயாலேயே ஒத்துக்கிட்டாரு!"

தெருவில் போன ஆட்டோவே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனது.

வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார்காரர் நடந்த நடையை அளந்திருந்தால் நூறில் ஒரு பங்கு குதிரைகூடத் தேறியிருக்காது. உள்ளே மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எதிர் வீட்டு அக்கா.

"வாங்க தம்பி. என்னமோ அறுபதாமே?" என்றாள் அக்கா.

மனைவி தையலை நிறுத்தினாள். "அப்ப நான் எத்தனைங்க?"

"நூத்து அறுபத்தஞ்சுல ஒண்ணு."

"நீங்க?"

"பத்துல ஒண்ணு."

"சக்தி கம்மி யாருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். படியில் கொட்டாவி விட்டதைச் சொல்லலாமா, வேகமாக ஏறியிருந்தால் தன் சக்தி இன்னும் கூடியிருக்குமே, அது இன்னும் மோசமாயிற்றே என்று மனசுக்குள்ளேயே இடறினார். அதற்குள் அவள் முழங்காலை நீட்டிக் காட்டினாள். பந்து மாதிரி வீங்கியிருந்தது.

"இந்தக் காலை வச்சுக்கிட்டுத்தாங்க நேத்து உங்களுக்காக மிதிச்சேன்."

அவருக்குச் சுருக்கென்றது. கணக்கு தப்பானதற்கு வெட்கப்பட்டவர், இப்போதுதான் கணக்குப் போட்டதற்கே வெட்கப்பட்டார். நாற்காலிக்கடியில் புகுந்து மோட்டாரைக் கழற்றினார். மெஷினில் மாட்டினார். பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தார். சுவிட்சைப் போட்டதும் ஊசி சர்ரென்று ஓடி, நீலத் துணி அவள் கைக்கடியில் ஆறு மாதிரி போயிற்று. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு, நாற்காலி போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

"அது சரி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அக்காவை எதுக்கு நீ அளக்கச் சொன்னே?"

"உங்க கணக்கு தப்புன்னு என் முழங்கால் அப்பவே சொல்லிடுச்சுங்க. எங்க தப்புன்னுதான் எனக்குத் தெரியல. நான் சொன்னா நீங்க திரும்பப் போட்டுப் பார்ப்பீங்களா? அக்காவை அளந்தா பயில்வான் அண்ணன் வருவாரு. அவர் சொன்னா பார்ப்பீங்கல்ல?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

மோட்டார்காரர் சுவரோரமாகப் பார்த்தார். மெஷினிலிருந்து கழற்றிய பழைய மிதியும் சக்கரமும் அங்கே கிடந்தன. மனைவியும் அதைப் பார்த்தாள்.

"அது சும்மாதாங்க கிடக்கு. நாற்காலிக்கு மாட்டிப் பாருங்களேன். மிதி மெதுவாப் போகும். குதிக்காது."

அவர் கண்ணில் மறுபடியும் வெளிச்சம் வந்தது. அந்த வார விடுமுறை முழுக்கத் தட்டி, வளைத்து, முறுக்கி மாட்டினார். பிரமாதமாக அமைந்தது. ஒரே ஒரு குறை. நாற்காலியில் உட்கார்ந்தவர் கால் மிதிக்கு எட்டவில்லை. பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு யாராவது மிதிக்க வேண்டும்.

"சரியா ஆடுதான்னு நான் உட்கார்ந்து பார்க்கறேன். நீங்க மிதிங்க" என்றாள் அவள். "மிதிச்சா நீங்கதானே மிதிக்கணும்? கணக்குப்படி என்னை மாதிரிப் பதினாறரைப் பேர் நீங்க."

உட்கார்ந்தாள். ஆடியது. தென்னங்கீற்று ஆடுகிற மாதிரி, அலுங்காமல் குலுங்காமல் ஆடியது. தைத்து முடித்த சீருடைகள் மூட்டை கட்டி வாசலில் இருந்தன. அவள் முழங்காலை நீட்டிக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள், கால் மணி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்த மோட்டார்காரருக்கு மூச்சு வாங்கியது. மெல்ல நிறுத்தினார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"கால் குதிரை மோட்டார் இருந்திருந்தா..." என்று அவர் பெருமூச்சு விட்டார்.

"ஒரு கால் போனதுக்கு இவ்வளவு வருத்தமா? உங்ககிட்டதான் ரெண்டு கால் இருக்கே, கணக்குப்படி அரை எச்.பி. மிதிங்க."